‘வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்’ என்பவரின் உழைப்பை எப்படி அளப்பது?

‘எங்கள் வட்டாரத்தில் வயது வந்தோர் எவ்வளவு உடற்பயிற்சி செய்கிறார்கள் என்று அறியக் கணக்கெடுப்பு நடத்தப் போகிறோம். கைப்பேசியில் படிவம் அனுப்பினால் போதுமா, அடி எண்ணும் கைப்பட்டை வாங்கித் தர வேண்டுமா, எத்தனை பேரைக் கேட்க வேண்டும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது கருவியைப் பற்றிய கேள்வி. ஆனால் கடைசி வரியில், நடைபாதையும் பூங்காவும் அமைத்த பிறகு இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடியும் அளக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது: இன்று எடுக்கும் எண்ணையும் பிறகு எடுக்கும் எண்ணையும் பக்கத்தில் வைத்தால், தெரியும் வித்தியாசம் மக்களிடம் வந்த மாற்றமா, நாம் அளந்த விதத்தில் வந்த மாற்றமா? வட்டார அளவிலான உடலியக்கக் கணக்கெடுப்புகளில் பல ஆண்டுகள் களத்திலும் பிறகு தரவு மேசையிலும் வேலை செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து, இந்தக் கேள்விக்கே பதில் சொல்கிறேன்.

முதலில், கேள்வியில் உள்ள ‘உடற்பயிற்சி’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். களத்தில் நான் கற்ற முதல் பாடம் அது. ஒரு வீட்டு வாசலில், ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம், ‘நீங்கள் உடற்பயிற்சி ஏதாவது செய்வது உண்டா அம்மா?’ என்று கேட்டேன். ‘எனக்கு எதற்குத் தம்பி அதெல்லாம்? வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்’ என்றார். சொல்லும்போதே இடுப்பில் ஒரு குடம் தண்ணீர். அன்று காலையில் அது நான்காவது குடம் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. அதற்கு முன்பு மாட்டுக்குப் புல் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்திருந்தார். என் படிவத்தில் அவர் ‘இயக்கமற்றவர்’ ஆகியிருப்பார். அதே தெருவில், மாதம் இரண்டு முறை பூங்காவுக்குப் போய் வருகிற ஒருவர் ‘ஆமாம், செய்கிறேன்’ என்று சொல்லி இயக்கமுள்ளவர் பட்டியலில் சேர்ந்துவிட்டார். நம் மொழியில் உடற்பயிற்சி என்றால் அதற்கென்று நேரம் ஒதுக்கி, உடை மாற்றிக்கொண்டு செய்வது. உழைப்பு என்றால் கூலிக்குச் செய்வது. வீட்டுக்குள் நடக்கும் வேலை இரண்டிலும் சேராமல் ‘சும்மா’ என்ற சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது. எனவே ‘உடலியக்கம்’ என்று பொதுவாகத் தொடங்கி, வேலை, போக்குவரத்து, ஓய்வுநேரம் என்று பிரித்துக் கேளுங்கள். வேலை என்ற பகுதியில் சம்பளமில்லாத வேலையும் வீட்டு வேலையும் சேரும் என்பதைக் கேள்விக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இப்படிப் பிரித்துக் கேட்பதற்கென்றே உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய வினாப்பட்டியல் ஒன்று உண்டு. களத்தில் ஜிபேக் (GPAQ) என்போம். மொத்தம் 16 கேள்விகள். மூச்சு வாங்க வைக்கும் கடுமையான இயக்கம், சற்றே மூச்சு கூடும் மிதமான இயக்கம் என இரண்டு நிலைகளில், வழக்கமான ஒரு வாரத்தில் எத்தனை நாள், ஒரு நாளில் எவ்வளவு நேரம் என்று கேட்கும். கடைசிக் கேள்வி உட்கார்ந்திருக்கும் நேரத்தைப் பற்றியது. இதற்கு அண்ணன் போல ஐபேக் (IPAQ) என்று இன்னொரு வினாப்பட்டியலும் இருக்கிறது. அதன் குறுவடிவம் கடந்த ஏழு நாட்களைப் பற்றி மட்டும் கேட்கிறது, வேலையா விளையாட்டா என்று பிரிப்பதில்லை. உங்கள் தேவைக்கு ஜிபேக்தான் பொருந்தும். நடைபாதை போட்டால் அதிகரிக்க வேண்டியது போக்குவரத்து நடையும் ஓய்வுநேர நடையும். அவற்றைத் தனியாகப் பார்க்க முடியாவிட்டால், வயல் வேலையும் கட்டுமான வேலையும் தரும் பெரிய எண்களுக்குள் அந்தச் சிறிய மாற்றம் மூழ்கிவிடும்.

எப்படி மூழ்கும் என்பதை ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஜிபேக்கில் மிதமான இயக்கத்தின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 4, கடுமையானதற்கு 8 என்று மதிப்பு உண்டு. அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை 1 என்று வைத்துக்கொண்டு, அதைப் போல எத்தனை மடங்கு என்பதே இந்த எண். மெட் என்பார்கள். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடப்பவருக்கு 150 நிமிடம், அதாவது 600 மெட்-நிமிடம். போதிய இயக்கம் என்பதற்கான எல்லைக்கோடு இதுதான். இனி, ஒரு விவசாயத் தொழிலாளி நாளுக்கு ஆறு மணி நேரம், வாரம் ஆறு நாள் மிதமான வேலை செய்கிறார் என்று வையுங்கள். 8,640 வரும். நடப்பவர்கள் ஒன்பது பேரையும் இந்தத் தொழிலாளி ஒருவரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 1,404. பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட அந்த எண் பொருந்தாது. அதனால் சராசரியை விட்டு இடைநிலை மதிப்பை, அதாவது எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை எழுதுங்கள். அதோடு எல்லைக்கோட்டைத் தாண்டியவர்கள் எத்தனை சதவீதம், மூன்று பகுதிகளிலிருந்தும் தனித்தனியே எவ்வளவு வருகிறது என்பதையும் எழுதுங்கள். ஒரு நாளில் 16 மணி நேரத்துக்கு மேல் வேலை என்று பதிவாகியிருந்தால் பெரும்பாலும் மணியையும் நிமிடத்தையும் மாற்றி எழுதியிருப்பார்கள். அத்தகைய பதிவுகளை என்ன செய்வது என்ற விதியைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.

சரி, மக்கள் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்? இதில் நன்றாக நிறுவப்பட்ட செய்திகள் இரண்டு. ஒருவரிடமே சில நாட்கள் இடைவெளியில் இதே கேள்விகளைக் கேட்டால் ஏறத்தாழ அதே பதில் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பதிலை அவர் உடலில் பொருத்திய கருவியோடு ஒப்பிட்டால் பொருத்தம் சுமார்தான். 12 நாடுகளில் ஐபேக்கைச் சோதித்து 2003-இல் வெளியான ஆய்வில், திரும்பக் கேட்டபோது ஒத்துப்போகும் அளவு 0.8-ஐ ஒட்டியும், கருவியோடு ஒத்துப்போகும் அளவு 0.3-ஐ ஒட்டியும் இருந்தன. முழுப் பொருத்தம் என்றால் 1. அமெரிக்காவில் 2003–04 தேசியக் கணக்கெடுப்பில் உடல் அசைவைப் பதியும் முடுக்கமானி என்ற கருவியைக் கட்டி அளந்தபோது, பரிந்துரைக்கப்பட்ட அளவை எட்டிய பெரியவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அந்த நாட்டிலேயே அந்த ஆண்டுகளில் வாய்மொழிக் கணக்கெடுப்புகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் எட்டிவிட்டதாகத் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு, மக்கள் பொய் சொல்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். களப்பணியாளர்களில் சிலர் அப்படிப் பேசும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு மணி நேரம் பந்து விளையாடினேன் என்று ஒருவர் சொன்னால், அவர் நினைவில் இருப்பது வீட்டிலிருந்து கிளம்பித் திரும்பிய ஒரு மணி நேரம். கருவியோ அதில் ஓடிய நிமிடங்களை மட்டும் எண்ணுகிறது. நின்றது, தண்ணீர் குடித்தது, தன் முறைக்குக் காத்திருந்தது எல்லாம் கழிந்துவிடும். அந்த அமெரிக்க ஆய்வில், பெரும்பாலும் விடாமல் 10 நிமிடமாவது நீடித்த இயக்கம் மட்டுமே கணக்கில் வந்தது. மனிதரும் கருவியும் வெவ்வேறு பொருளை எண்ணுகிறார்கள். இதோடு, நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற இயல்பான ஆசையும் கொஞ்சம் சேர்ந்துகொள்கிறது. கேட்பவர் வெள்ளை அங்கியில் வந்தால் அது இன்னும் கூடும்.

அப்படியானால் எல்லோருக்கும் கருவி கட்டிவிடலாமே என்று தோன்றும். முடுக்கமானிக்கும் கண் தெரியாத இடங்கள் உண்டு. இடுப்பில் கட்டும் கருவி உடல் மேலும் கீழும் அசைவதைக் கொண்டு கணக்கிடுகிறது. ஒருமுறை ஒருவரின் ஏழு நாள் வரைபடத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் அதிகாலை ஐந்து மணிக்குச் சில கோடுகள் எழுந்து, பிறகு ஏழு வரை ஏறத்தாழத் தட்டையாக ஓடின. கருவியைக் கழற்றி வைத்திருப்பார் என்று நினைத்து அந்த நேரத்தை நீக்கவிருந்தேன். ஆனால் தட்டைக் கோட்டின் நடுவே, சில நிமிடங்களுக்கு ஒருமுறை, மிகச் சிறிய முட்கள் போல அசைவுகள் தெரிந்தன. அவரையே கேட்டோம். சைக்கிளில் வீடு வீடாகச் செய்தித்தாள் போடுகிறவர். ஒவ்வொரு முள்ளும் அவர் கால் ஊன்றி நின்ற ஒரு வாசல். இரண்டு மணி நேரம் வியர்க்க மிதித்ததைக் கருவி உட்கார்ந்திருந்ததாக எழுதியிருந்தது. சைக்கிள் மட்டுமல்ல, தலையில் சுமை வைத்து நடப்பவருக்கும் வெறுங்கையோடு நடப்பவருக்கும் அது ஒரே மதிப்பைத்தான் தரும். நீந்தும்போது பல கருவிகளைக் கழற்றிவிட வேண்டும். எனவே கருவியோடு ஒரு சிறிய நாட்குறிப்புத் தாளும் கொடுங்கள்: எப்போது கட்டினார், எப்போது கழற்றினார், சைக்கிள் ஓட்டினாரா, சுமை தூக்கினாரா.

கைமணிக்கட்டில் கட்டும் கருவியை மக்கள் கழற்றாமல் அணிகிறார்கள். தூங்கும்போதும் இருக்கும் என்பதால் விடுபடும் நேரம் குறைவு. பிரிட்டனின் யூகே பயோபேங்க் என்ற பெரிய மருத்துவ ஆய்வுத் திட்டத்தில் 2013 முதல் 2015 வரை ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் ஏழு நாள் அணிந்தது மணிக்கட்டுக் கருவியைத்தான். ஆனால் மிதமானது எது, கடுமையானது எது என்று பிரிக்க இடுப்புக் கருவிக்கென்று வகுத்த எல்லைகளை மணிக்கட்டுத் தரவின் மேல் பொருத்தக் கூடாது. கை அசைவு வேறு, உடல் நகர்வு வேறு. என் சொந்த அனுபவம் இடுப்புக் கருவிகளோடு நிற்கிறது. மணிக்கட்டின் மூலத்தரவைப் பிரித்துப் படிக்க அதிலேயே பழகிய ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைகளில் விற்கும் கைப்பட்டைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றின் உள்ளே ஓடும் கணக்கீட்டை நிறுவனங்கள் மென்பொருள் புதுப்பிப்பில் மாற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு ஆண்டுகள் கழித்து நீங்கள் காணும் வித்தியாசம் அந்தப் புதுப்பிப்பால் வந்ததாகவும் இருக்கலாம்.

பணம் குறைவு என்றால், அடிகளை மட்டும் எண்ணும் எளிய பெடோமீட்டர் மோசமான தேர்வு இல்லை. நடையைத்தான் மாற்றப் பார்க்கிறீர்கள், அது நடையைத்தான் எண்ணுகிறது. அணிபவர் எண்ணைப் பார்க்க முடியாதபடி மூடி ஒட்டிவிடுங்கள். பார்த்தால் முதல் இரண்டு நாள் அதிகமாக நடப்பார். 10,000 அடி என்ற இலக்கை மட்டும் எல்லைக்கோடாக வைக்க வேண்டாம். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரே ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பொருள்படும். அந்த எண் பரவியது அங்கிருந்துதான். ஆய்வு செய்து கண்டுபிடித்த எல்லை அது அல்ல.

கைப்பேசிப் படிவம் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். படிவத்தைத் திறந்து நிரப்புகிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள்: இந்த விஷயத்தில் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர். மூட்டுவலியால் வாசல் தாண்டாதவரும், இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வருகிறவரும் அதில் இருக்க மாட்டார்கள். பத்தாயிரம் பேர் நிரப்பினாலும் இந்தக் கோணல் நிமிராது. 2017-இல் 111 நாடுகளைச் சேர்ந்த ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கைப்பேசி அடிக் கணக்கை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. பல புதிய உண்மைகளைக் காட்டிய ஆய்வுதான். ஆனால் அதிலும் கைப்பேசி வைத்திருந்தவர்கள், அதைச் சட்டைப்பையிலோ கையிலோ கொண்டு நடந்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். வீட்டு வேலையின்போது கைப்பேசியை அலமாரியில் வைத்துவிடுகிற பெண்ணின் அடிகள் அலமாரியிலேயே நின்றுவிடும்.

எத்தனை பேர் என்ற கேள்விக்கு வருவோம். போதிய இயக்கம் உள்ளவர்கள் எத்தனை சதவீதம் என்பதை ஐந்து புள்ளி கூடக்குறைய, 95 சதவீத உறுதியோடு சொல்ல, முற்றிலும் குலுக்கல் முறையில் எடுத்த 385 பேர் போதும். வட்டாரத்தின் மக்கள்தொகை நாற்பதாயிரமா நான்கு லட்சமா என்பதால் இந்த எண் பெரிதாக மாறாது என்பதை நம்பப் பலருக்கும் மனம் வராது, ஆனால் உண்மை. நடைமுறையில் நீங்கள் சில தெருக்களையோ ஊர்களையோ தேர்ந்தெடுத்து, அவற்றுக்குள் வீடுகளைத் தேர்ந்தெடுப்பீர்கள். ஒரே தெருக்காரர்கள் ஒருவரைப் போல ஒருவர் வாழ்வதால் இரட்டிப்பாக, 770 பேர் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஐந்தில் ஒருவர் கிடைக்க மாட்டார் அல்லது மறுப்பார் என்று எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 960 பேரைத் தேடிப் போக வேண்டும். ஆண், பெண் இருவருக்கும் தனித்தனியாக இதே துல்லியம் வேண்டுமென்றால் இரண்டு மடங்கு. ஐந்து புள்ளிக்கும் குறைவான மாற்றத்தைப் பிடிக்க நினைத்தால் இந்த எண்ணிக்கை போதவே போதாது. ஒரு நடைபாதையால் இரண்டு ஆண்டுகளில் வரும் மாற்றம் அதைவிடச் சிறியதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இதை நிதி தருபவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்குள் யாரைக் கேட்பது என்பதில்தான் நல்ல கணக்கெடுப்புகள்கூடச் சறுக்குகின்றன. கதவைத் திறந்தவரையே கேட்டுவிட்டு வந்தால், பகலில் வீட்டில் இருக்கும் முதியவர்களும் பெண்களும் மிகுந்துவிடுவார்கள். வீட்டிலுள்ள வயது வந்தோர் அனைவரையும் பட்டியலிட்டு, குலுக்கலில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் இல்லையென்றால் மாலையிலும் விடுமுறை நாளிலும் மூன்று முறையாவது திரும்பப் போக வேண்டும். களப்பணியாளருக்கு இது பெரிய சிரமம். அந்தச் சிரமத்துக்கு ஊதியத்தில் இடம் வையுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு எழுதிவிடுவார்கள், அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இனி, உறுதியானது எது, விவாதத்தில் இருப்பது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். உடலியக்கம் குறைந்தவர்களுக்கு இதயநோய் அதிகம் என்பதில் ஐயமில்லை. 1953-இல் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்த ஜெர்மி மாரிஸும் குழுவினரும், நாள் முழுதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட மாடிப் பஸ்ஸின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று காட்டியதிலிருந்து சான்றுகள் குவிந்துகொண்டே வந்திருக்கின்றன. வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம், அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான இயக்கம் என்ற 2020-ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவனப் பரிந்துரையும் உறுதியான அடித்தளத்தில் நிற்கிறது. ஆனால், நாள் முழுதும் சுமை தூக்குகிறவரின் வேலைநேர இயக்கமும் விரும்பி நடக்கிறவரின் ஓய்வுநேர இயக்கமும் உடலுக்கு ஒரே நன்மையைத் தருகின்றனவா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஓய்வின்றி, தன் வேகத்தைத் தானே தீர்மானிக்க முடியாமல் செய்யும் கடும் வேலை இதயத்துக்கு நன்மை செய்வதில்லை என்று காட்டும் ஆய்வுகள் உண்டு. வறுமையும் புகைபழக்கமும் அந்த முடிவைக் கலக்கியிருக்கலாம் என்று மறுப்பவர்களும் உண்டு. ஆகவே உங்கள் அறிக்கையில் ‘போதிய இயக்கம் உள்ளவர்கள்’ என்று எழுதுங்கள், ‘ஆரோக்கியமானவர்கள்’ என்று எழுதாதீர்கள். கட்டட வேலை செய்து முதுகு ஒடிந்தவரும் அந்த எல்லைக்கோட்டைத் தாண்டியவர்தான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. முன்பெல்லாம் தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்பார்கள். 2020 பரிந்துரை அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. ஆனால் பரவலாகப் புழங்கும் ஜிபேக் கேள்விகளில் அந்தச் சொற்றொடர் இருக்கிறது. வைத்துக்கொள்வதா நீக்குவதா என்பதில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. மற்ற கணக்கெடுப்புகளோடு ஒப்பிட வேண்டும் என்பதால் நான் வைத்துக்கொள்வேன். எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டாம் முறையும் அதே வாசகம்தான் இருக்க வேண்டும். தசையை வலுப்படுத்தும் பயிற்சி வாரம் இரண்டு நாளாவது வேண்டும் என்பதும் பரிந்துரையில் உள்ளது. ஜிபேக் அதைக் கேட்பதில்லை. தேவைப்பட்டால் கடைசியில் ஒரு கேள்வியாகச் சேருங்கள், நடுவில் நுழைக்க வேண்டாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். முதல் மாதம் கேள்விகளை உங்கள் வட்டாரப் பேச்சில் எழுதி, முப்பது பேரிடம் படித்துக் காட்டி, ‘நான் என்ன கேட்டேன் என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்’ என்று கேட்பேன். ‘மிதமான’ என்ற சொல்லை ஐந்து பேர் ஐந்து விதமாகப் புரிந்துகொள்வார்கள். அதற்குப் பதிலாக, அந்த ஊரில் உண்மையில் நடக்கும் வேலைகளைப் படம் வரைந்த அட்டைகளாக்கி, எது மூச்சு வாங்க வைக்கிறது, எது லேசாக மட்டும் என்று அவர்களையே பிரிக்கச் சொல்வேன். பிறகு ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் நேரில் ஜிபேக். அவர்களில் குலுக்கலில் தேர்ந்த நூறு பேருக்கு ஏழு நாள் இடுப்புக் கருவி. நாளுக்கு 10 மணி நேரமாவது, விடுமுறை நாள் ஒன்று உட்பட நான்கு நாளாவது அணிந்தவர்களின் தரவை மட்டும் எடுத்துக்கொள்வேன். இந்த நூறு பேரின் வேலை, மக்கள் சொன்னதற்கும் கருவி கண்டதற்கும் உங்கள் வட்டாரத்தில் இடைவெளி எவ்வளவு என்று காட்டுவது. இரண்டாம் சுற்றிலும் அந்த இடைவெளி அதே அளவில் இருந்தால்தான் வாய்மொழிப் பதிலில் தெரியும் மாற்றத்தை நம்புவேன். நடைபாதை பற்றி ஊரெல்லாம் விளம்பரம் செய்த பிறகு, நடப்பதாகச் சொல்வதும் கூடவே கூடிவிடும், நடை கூடாவிட்டாலும்.

இரண்டாம் சுற்றை அதே மாதத்தில் வையுங்கள். அறுவடைக் காலத்தில் ஒரு முறையும் மழைக்காலத்தில் மறுமுறையும் அளந்தால் நீங்கள் அளப்பது பருவத்தை. நடைபாதை வராத, மற்றபடி உங்களைப் போன்ற பக்கத்து வட்டாரம் ஒன்றிலும் இரண்டு சுற்றும் எடுக்க முடிந்தால், கருவிக்கான பணத்தைக் குறைத்தாவது அதைச் செய்யுங்கள். அங்கும் அதே அளவு மாற்றம் தெரிந்தால் காரணம் நடைபாதை இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். வினாப்பட்டியல், பட அட்டைகள், களப்பணியாளருக்குத் தந்த பயிற்சிக் குறிப்பு, தரவைச் சுத்தம் செய்த விதிகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டி, தேதி எழுதி, இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து நீங்களே அந்த வேலையில் இல்லாமல் போகலாம். அப்போது வருகிறவர் அந்த அட்டைகளையே எடுத்துக்கொண்டு, அந்த வாசல்களுக்கே போய், அந்தச் சொற்களிலேயே கேட்க வேண்டும்.